வேம்பு நின்ற இடம்

பஞ்சநதம் விழித்தபோது விடிந்திருந்தது. பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினான். குழாயடியில் பக்கத்து அறைக்காரர் துணி அலசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை வாளியோடு நின்றான். பல் விளக்கினான். குளித்தான். சவரம் செய்துகொண்டான். முதல்நாள் துவைத்துப் போட்ட சட்டை சரியாகக் காயவில்லை, அதையே போட்டுக்கொண்டான். கீழே ஓட்டலில் இட்லி தின்றான். சட்னி ஊசிப்போயிருக்கிறது என்று பக்கத்து இலைக்காரர் சர்வரிடம் சண்டை பிடித்தார். பஞ்சநதம் தன் இலையைப் பார்த்தான். சட்னி தீர்ந்திருந்தது.

அவன் மனைவி மங்களாம்பிகை தை மாதம் மஞ்சள் காமாலையில் இறந்தாள். தலைதீபாவளிக்குப் பிறகு இன்னொரு தீபாவளி அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவள் போனதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. திருக்காட்டுப்பள்ளி வீட்டில் அத்தை ஜாதகங்களை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கியபோது, எங்கேயாவது போனால் தேவலை என்று தோன்றியது. திருத்துறைப்பூண்டியில் வந்து அறை எடுத்தான்.

அவன் வந்த காரியம் ஓர் ஆய்வு. திருச்சியில் அவன் சமூகப்பணி படித்த கல்லூரியின் பேராசிரியை ஆனந்தவல்லி அதை நடத்தினார். வேலை வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பிப் போய், பம்பாயில் விற்கப்பட்டு, பிறகு போலீஸ் மீட்டு ஊருக்கு அனுப்பிவைத்த பெண்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டதா என்று நேரில் கேட்டு வர வேண்டும். டெல்டாப் பக்கம் பஞ்சநதத்துக்கு ஒதுக்கப்பட்டது.

அனுப்பும்போது பேராசிரியை ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "பம்பாய்ங்கிற பேச்சு உங்க வாயில வரக் கூடாது. போலீஸ், விடுதி, மீட்பு எதுவும் வரக் கூடாது. அந்தப் பொண்ணுங்க ஊர்ல என்ன சொல்லி வச்சிருக்காங்களோ, நாம அதைக் கெடுத்துடக் கூடாது. நல்ல வார்த்தையாப் பாத்துச் சொல்லுங்க."

நல்ல வார்த்தை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஆய்வின் தலைப்பிலேயே இருந்தது. மறுவாழ்வு.

முந்தைய நாள், பட்டியலில் அடுத்திருந்த நொச்சியங்குடிக்குப் போய் இறங்கியதும் டீக்கடையில் அந்த வார்த்தையைத்தான் சொன்னான்.

"வேம்புங்கிறவங்களைப் பாக்கணுங்க. அவங்க மறுவாழ்வு விஷயமா வந்திருக்கேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்துக் கீழே வைத்தார். கட்சிக் கரை வேட்டி. அந்தக் கோடையில் நடந்த தேர்தலில் அவர் கட்சி மண்ணைக் கவ்வியிருந்தது. அவர் வேட்டியை மாற்றிக்கொள்ளவில்லை.

"நான் வைரக்கண்ணு. கிளைச் செயலாளர். அவளுக்குத் தாய்மாமன்" என்றார். "சார் எந்த ஊரு?"

"திருக்காட்டுப்பள்ளிங்க."

"வீட்டுப் பெரியவங்க யாரும் வரலீங்களா?"

"இல்லீங்க. தனியாப் போய்ப் பேசுறதுதான் நல்லதுன்னு எங்க பேராசிரியை சொன்னாங்க."

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவர் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு அவ நடவுல நிக்கிறா. நாளைக்கி வாங்க. வீட்டுலயே வச்சுப் பேசிடுவோம்."

இவ்வளவு சுலபமாக இதுவரை எந்த ஊரிலும் நடக்கவில்லை. பஞ்சநதம் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவந்தான்.

இப்போது அவன் வைரக்கண்ணுவோடு தெற்குத் தெருவுக்குள் நுழைந்தபோது வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ராசம்மாள் வீட்டில் கோலம் போட்டிருந்தது. புதுப் பாய் விரித்திருந்தது. அவள்தான் வேம்புவின் தாய். கணவன் வீரையன் இறந்த பிறகு மகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். கூரையைத் தாங்கிய மூங்கிலை ஒட்டி வேம்பு நின்றாள். நல்ல சேலை, தலையில் கதம்பம். மெலிந்த முகம். அவன் எதிர்பார்த்ததைவிட இளையவள். அவன் வயதுகூட இருக்காது. வாசலை மறித்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்டை அயலார் ஆதரவு நன்றாக இருக்கிறது என்று பஞ்சநதம் மனத்தில் குறித்துக்கொண்டான்.

ராசம்மாள் ஒரு டம்ளரை நீட்டினாள். "காப்பி. சாப்பிடுங்க தம்பி."

அந்தத் தெருவுக்கு வரும் அதிகாரிகளுக்கும் மேலத்தெருக்காரர்களுக்கும் யாரும் காப்பி கொடுப்பதில்லை. கடையிலிருந்து கலர் வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல் கையில் கொடுப்பார்கள். டம்ளரை நீட்டுவது சொந்தக்காரர்களுக்குத்தான். பஞ்சநதத்துக்கு இது தெரியாததல்ல, கவனிக்கவில்லை. வாங்கிக் குடித்தான். வாசலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனதா?" என்றார் வைரக்கண்ணு. நேற்று வரை அவனை சார் என்றவர்.

"ஆச்சுங்க. தை மாசம் தவறிட்டாங்க."

"புள்ள குட்டி?"

"இல்லீங்க."

"அடப் பாவமே" என்றாள் ராசம்மாள். குரல்தான் அழுதது. முகம் மலர்ந்திருந்தது.

பஞ்சநதம் தொண்டையைச் செருமினான். "நான் வந்தது வேம்புவோட மறுவாழ்வைப் பத்தி. முதல்ல அவங்க விருப்பத்தைத் தெரிஞ்சுக்கணும். கட்டாயம் எதுவும் இல்லை."

"பாத்தியா! இதான் பகுத்தறிவு." வைரக்கண்ணு ராசம்மாள் பக்கம் திரும்பினார். "பொண்ணு விருப்பத்தக் கேக்குறாரு. நம்ம பக்கத்துல எந்த நிபந்தனையும் கிடையாது தம்பி. ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. தாலிகூட வேணாம்னாலும் சம்மதம். மாலைய மாத்திக்கிட்டா முடிஞ்சுது. நான் மாவட்டச் செயலாளரக் கூப்புட்டுத் தலைமை தாங்கச் சொல்லிடுறேன். தோத்துப்போனதுலேருந்து மனுசன் ஒரு நல்ல காரியத்துக்கும் போகல."

பஞ்சநதம் டம்ளரைக் கீழே வைத்தான். வைரக்கண்ணு சொன்னது இப்போதுதான் அவனுக்கு எட்டியது. எழுந்திருக்கப் பார்த்தான்.

"மாமா" என்றாள் வேம்பு. "அவரு கட்டிக்க வரல."

ராசம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக்கிட்டுப் போக வந்திருக்காரு. விடுதியில இருந்தப்பவும் ரெண்டு பேரு இப்படித்தான் வந்தாங்க. மறுவாழ்வுன்னுதான் அவங்களும் சொன்னாங்க."

விடுதி என்ற சொல் வாசல்வரை போய் நின்றது. அவளே அதைச் சொல்லியிருக்க மாட்டாள். வேறு வழி இல்லாமல் போனது.

"எழுதவா?" வைரக்கண்ணு எழுந்தார். "நேத்து கடையில அத்தன பேரு முன்னால என்னய்யா சொன்ன? மறுவாழ்வுன்னு நீதானே சொன்ன? ஊரு பூரா சொல்லிப்புட்டேனேய்யா!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்கு வழிவிட்ட பெண்கள் மறுபடி வாசலுக்கு வரவில்லை.

ராசம்மாள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அதைக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பஸ் நிற்கும் இடம்வரை வாய்க்கால் கரையோடு வேம்பு அவனுடன் வந்தாள். வழியனுப்ப வரவில்லை, சொல்ல வேண்டியது இருந்தது.

"எங்க மாமா மேல தப்பில்ல சார்" என்றாள். "கட்சி மேடையில மறுவாழ்வுன்னா கல்யாணந்தான். தாலியறுத்தவளுக்கு, வாழாவெட்டிக்கு இன்ன தோழர் மறுவாழ்வு குடுத்தாருன்னு பேசுவாங்க, கை தட்டுவாங்க. எங்க ஊருல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் கிடையாது."

"ஊருக்கு உங்களைப் பத்தி..."

"தெரியும். தெரியாதுன்னு வச்சுக்கிட்டாங்க. தண்ணி வராத வருசத்துல எறால் கம்பெனி வேலைக்குக் கேரளாவுக்குப் போயிட்டு வந்திருக்கா, கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு எங்கம்மா சொன்னா. சரின்னாங்க. எவளும் ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப நீங்க மறுவாழ்வுன்னுட்டீங்க. கன்னிப் பொண்ணுக்குக் கல்யாணம்பாங்க. மறுவாழ்வுன்னா, முன்னால ஒண்ணு இருந்திருக்கணும்ல?"

வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. அந்த ஆண்டும் தண்ணீர் தாமதம். குறுவை நடவு அப்போதுதான் மும்முரப்பட்டிருந்தது.

"இப்ப என்ன ஆகும்?"

"நடவுக்கு வராதேன்னு சொல்ல மாட்டாங்க. சொல்ல முடியாது. மிராசுதாரு வெளியூரு ஆளுங்கள லாரியில எறக்குனப்ப, எங்கப்பா வரப்புல படுத்து மறிச்சு செயிலுக்குப் போனாரு. அதுக்கப்புறம் சங்கத்துல போட்ட கட்டுப்பாடு, தெருவுல ஒரு ஆள விட்டுப்புட்டு நடவு எறங்கக் கூடாதுன்னு. ஆனா யாரு எங்க நிக்கணும்னு அம்சம் அத்தாச்சிதான் சொல்லும். நடவு ஆளுங்களுக்கு அதுதான் தலைவி."

அவள் சற்று நின்றாள்.

"நான் வந்த புதுசுல என்னை வரப்போரமா நிறுத்துச்சு. பக்கத்துல நிக்கிறவ ஒரு ஆள் எடம் விட்டு நிப்பா. என் முந்தானை அவ மேல பட்டுறக் கூடாதாம். அந்த எடமும் நட்டாகணுமே. அதையும் நானே நடுவேன். இந்தக் குறுவைக்குத்தான் சார், நடுவுல வந்து நில்லு புள்ளேன்னுச்சு. ரெண்டு பக்கமும் ஆளு. தோள் இடிக்கும். நேத்து வரைக்கும் அங்கதான் நின்னேன்."

அவன் நடந்துகொண்டே யோசித்தான். வைரக்கண்ணு சொன்னபடியே ஆகட்டும் என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்தது. சொன்ன சொல் பொய்யாகாது. அத்தையின் ஜாதகங்களும் ஓயும். எந்த வீட்டில் யாரோடு இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

"நீங்க வேணும்னா..." என்றான். "உங்க மாமா சொன்னபடி. எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை."

வேம்பு அவனை நேராகப் பார்த்தாள். அன்று முதல் தடவையாக.

"ஆட்சேபணை இல்லாம என்கிட்ட வந்தவங்க நெறைய பேரு சார்."

அவன் முகம் சுட்டது. இறுதிச் சடங்குகளின்போதுகூட அவனுக்கு அப்படி எதுவும் சுடவில்லை.

"என்னைத் தேடி வரலன்னு ஆகணும்" என்றாள் அவள், முன்பே பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்வதுபோல. "எல்லாரையும் தேடி வந்ததா ஆகணும். அது உங்களால முடியுமா?"

பஸ்ஸில் ஏறிய பிறகும் அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். தாலுகா ஆபீஸ் தாண்டும்போது வெளிச்சுவரில் பழைய எழுத்துகள் பாதி அழிந்து தெரிந்தன. வறட்சி நிவாரணம் மற்றும் மறுவாழ்வு. தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தான்.

அடுத்த நாள் காலை அவன் டீக்கடைக்குப் போனான். வைரக்கண்ணு முகம் கொடுக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே வெளியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முட்டாள்னு ஆயிடும்" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

அவர் பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டார். அவன் தனியாகத்தான் வயலுக்குப் போனான்.

கோயில் நிலம். பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றியபடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் கோடியில் ஓர் இடைவெளி. அதற்கு அப்பால் வேம்பு. தன் இடத்தையும் காலியாகக் கிடந்த இடத்தையும் நட வேண்டியிருந்ததால் அவள் கை மற்றவர்களைவிட வேகமாகப் போனது.

"என்ன மாப்ள" என்று ஒரு குரல் வந்தது. "மாலை எங்க? வெறுங்கையோட வந்திருக்கீங்க?"

வரிசை சிரித்தது. பேசியவள் நிமிர்ந்தாள். அகலமான தோள், நரைத்த தலை. அவள்தான் அம்சம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பஞ்சநதம் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தான். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. குரல் உடைந்தது.

"நான் வந்தது வறட்சி மறுவாழ்வுக்குங்க. தண்ணி வராத வருசத்துல விவசாயத் தொழிலாளிங்க வீட்டுல என்ன கஷ்டம், யாரு எங்க பொழைக்கப் போனாங்கன்னு கேட்டு எழுதணும். காலேஜுலேருந்து அனுப்பியிருக்காங்க. தெருவுல எல்லாரையும் கேக்கணும்."

"வறட்சி வந்து போயி எத்தன நடவு ஆச்சு. இப்பத்தான் ஒங்களுக்கு விடிஞ்சுதா?"

"எங்க வேலை அப்படித்தாங்க."

"அது சரி. எல்லாரையும் கேக்க வந்த ஆளு, அவ ஒருத்தி பேர மட்டும் எதுக்குக் கேட்ட?"

கைகள் நின்றன. வேம்பு மட்டும் நட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று அவன் விரும்பினான்.

"வீரையன் மகள்னு கேட்டேங்க" என்றான். "போராட்டத்துல செயிலுக்குப் போனவரு வீட்டுலேருந்து ஆரம்பிக்கணும்னு நெனச்சேன்."

அம்சம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வீரையன் வரப்பில் படுத்த அன்று அவர் பக்கத்தில் படுத்தவர்களில் அவள் புருஷனும் ஒருவர்.

"அப்ப இந்த வைரக்கண்ணு சொன்னது?"

"நான் சொன்னது தப்பு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வைரக்கண்ணு எப்போது வந்தாரோ, மதகுக் கட்டையில் நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமல், மேடையில் நிற்பதுபோல் நின்றிருந்தார். "அவரு வறட்சின்னுதான் சொன்னாரு. என் காதுல மறுவாழ்வு மட்டும்தான் விழுந்துச்சு. மேடை மேடையாப் பேசிப் பேசி எனக்கு அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இல்லாமப் போச்சு. எம் புத்திய செருப்பால அடிக்கணும்."

"ஓம் மேடையில மண்ணு விழ!" என்றாள் ஒருத்தி. "இதுக்குத்தான் ஒன் கட்சி தோத்துச்சு" என்றாள் இன்னொருத்தி. வரிசை முழுவதும் சிரித்தது. வைரக்கண்ணு சிரிப்பு அடங்கும்வரை நின்று வாங்கிக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"சரி, கேளு" என்றாள் அம்சம். "என்கிட்டேருந்து ஆரம்பி. கை நடும், வாய் பேசும்."

அவன் வரப்போடு நகர்ந்துகொண்டே ஒவ்வொருவராகக் கேட்டான். பெயரளவுக்குத்தான் கேட்க வந்தான். ஆனால் அவர்கள் சொல்லச் சொல்லக் காது கொடுக்க வேண்டியிருந்தது. வாய்க்கால் சேற்றில் நத்தை பொறுக்கித் தின்றதை ஒருத்தி சொன்னாள். மூத்த மகளைத் திருப்பூர்ப் பக்கம் வீட்டுவேலைக்கு விட்டு, அவள் திரும்பி வந்தபோது தன் முகத்தையே பார்க்காததை ஒருத்தி சொன்னாள். கல்லுடைக்கப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டதை ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், மற்றவர்கள் சிரிக்கவில்லை. யாரும் இதையெல்லாம் அவர்களிடம் கேட்டதில்லை என்று தெரிந்தது.

அவன் வரிசையின் கோடிக்கு வந்தான். காலி இடத்தைத் தாண்டி வேம்பு குனிந்திருந்தாள்.

"தண்ணி வராத வருசத்துல நீங்க..." என்று ஆரம்பித்தான்.

"அவ எறால் கம்பெனிக்குப் போனா" என்றாள் அம்சம், தலையை நிமிர்த்தாமல். "கேரளாவுக்கு. எழுதிக்க."

எழுதிக்கொண்டான்.

"ஆமா, எறால் கம்பெனிக்குத்தான்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "கையெல்லாம் புண்ணா வந்தா" என்றாள் அதற்கடுத்தவள்.

கைகள் மறுபடி சேற்றில் இறங்கின. பிறகு அம்சம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"ஏ வேம்பு, அங்க என்னடி ஒத்தக் கொக்காட்டம்? இங்க நடு காலியாக் கெடக்கு. வா. இவளுவ கோணலா நடுறாளுவ."

வேம்பு கையிலிருந்த நாற்று முடியோடு சேற்றில் நடந்து வந்தாள். இருவர் நகர்ந்தார்கள். அவள் நடுவில் குனிந்தாள்.

வாரக் கடைசியில் பஞ்சநதம் திருச்சிக்குப் போனான். நொச்சியங்குடியில் ஆய்வுக்கு ஆகிறமாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்று பேராசிரியையிடம் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். மனைவியை இழந்தவன் என்று எண்ணியோ என்னவோ, கடிந்துகொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லீங்க."

"கடைசியா ஒரு வரி? முடிவுரைக்கு ஆகும். ஊர் என்னை ஏத்துக்கிச்சு, நம்பிக்கை இருக்கு, இந்த மாதிரி ஏதாவது. மத்தப் பொண்ணுங்க எல்லாரும் ஏதோ சொல்லியிருக்காங்களே."

"அப்படி எதுவும் சொல்லலீங்க" என்றான். அது உண்மைதான். அன்று வயலில் அவன் விடைபெற்றுத் திரும்பியபோது ஈர வரப்பு வழுக்கி, ஒரு கால் வயலுக்குள் இறங்கிவிட்டது. பெண்கள் கூவிச் சிரித்தார்கள். வரிசையின் நடுவிலிருந்து வேம்பு, சேறு வழியும் கையை நீட்டி, மற்றவர்கள் சிரிப்புக்கு மேலே குரல் எழுப்பிச் சொன்னாள்:

"பாத்துப் போங்க சார். நாங்க நட்டத மிதிச்சுப்புடாதீங்க."